பழைய மாஸி 135 டிராக்டருக்கு எந்தக் கலப்பை?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரத்தை (ரப்பர்) அழித்துவிட்டு வாழையோ மரவள்ளியோ போடுகிறவர்கள் என்னிடம் கேட்பது இதுதான். என் பதில் எப்போதும் சட்டிக் கலப்பை, அதாவது சுழலும் வட்டத் தட்டுகளால் உழுவது, அதுவும் இரண்டு சட்டி. பழைய வேர் தட்டினால் சட்டி உருண்டு ஏறிப் போய்விடும். சுழலாத கொழு உள்ள கொழுக் கலப்பை மாட்டிக்கொண்டு எதையாவது முறிக்கும்.

மாஸி பெர்குசன் 135 புதிதில் ஏறக்குறைய 45 குதிரைத்திறன். இன்று அவ்வளவு இழுக்கும் என்று நம்பாதீர்கள். மூன்று சட்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கலப்பையைத் தூக்கும்போது முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. மேட்டு நிலத்தில் இது உயிருக்கே ஆபத்து.

வாங்கப் போகும்போது விட்டம் அளக்கும் காலிப்பரைக் கையோடு கொண்டு போங்கள். கலப்பையை மாட்டும் பின்புறக் கைகளில், இந்த டிராக்டரின் கீழ்க் கைகள் இரண்டுக்கும் 22 மில்லிமீட்டர் பின் (pin, இணைப்பு ஆணி), மேல் கைக்கு 19. பெரிய டிராக்டரிலிருந்து கழற்றிய கலப்பையில் 28-ம் 25-ம் இருக்கும். அது உங்கள் கைகளின் முனையிலுள்ள துளைக் குண்டுக்குள் நுழையவே நுழையாது. சின்னப் பின் மாற்ற முடியும்தான், ஆனால் அந்தக் கலப்பையின் எடையும் பெரிது என்பதை மறக்கக் கூடாது. பின் நுழையும் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மாட்டியாயிற்றா? சரி, ஒரு சால் ஓட்டுங்கள். வலது சக்கரம் சாலில் இறங்கியதும் டிராக்டர் சாயும். வலது தூக்குக் கம்பியின் கைப்பிடியைச் சுற்றிக் கலப்பையை மட்டமாக்குங்கள். அப்புறம்தான் மேல் கையின் நீளத்தைத் தொட வேண்டும்.