பெப்பர்மின்ட் டீ வீட்டுல போடும்போது வாசனை ஓடிப்போகாம இருக்க என்ன பண்ணணும்

பெப்பர்மின்ட் டீ போட்டு குடிச்சுட்டு "வாசனையே இல்லையே, வெறும் சுடுதண்ணி மாதிரி இருக்கே"ன்னு சொல்றவங்க நிறைய பேர். இலை மேல தப்பு இருக்குறது ரொம்ப கம்மி, பெரும்பாலும் வாசனை பூரா ஆவியோட ஆவியா போயிருக்கும், அவ்ளோதான். இந்த டீக்கு ருசி குடுக்குறதே இலையில இருக்குற எண்ணெய்தான், அதுல முக்கியமான சரக்கு மென்தால். அந்த எண்ணெய் இலையோட மேல்பக்கமும் அடிப்பக்கமும் கண்ணுக்கு தெரியாத குட்டி குட்டி சுரப்பிகள்ல இருக்கும், லேசா கசக்குனாலே உடைஞ்சு வாசனை வரும், சூடு பட்டா சட்டுனு பறந்துடும். அதனால எண்ணெய தண்ணிக்குள்ள இறக்கணும், இறங்குனத வெளிய விடக்கூடாது, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

முதல்ல இலை. சமையலுக்கு போடுற சாதாரண புதினா வேற, பெப்பர்மின்ட் வேற. சாதாரண புதினால பெரும்பாலும் கார்வோன்னு ஒண்ணு இருக்கும், அது கொஞ்சம் இனிப்பு கலந்த வாசனை, குடிச்சா ஜில்லுனு இருக்காது. பெப்பர்மின்ட் அந்த புதினாவும் நீர்ப்புதினாவும் கலந்து வந்த கலப்பினம், மென்தால் நிறைய இருக்குறதால வாய்லயும் தொண்டையிலயும் அந்த குளிர்ச்சி கிடைக்கும். செடிய பாத்து கண்டுபிடிக்கணும்னா இலைக்கு காம்பு இருக்கான்னு பாருங்க, பெப்பர்மின்ட்டுக்கு தெளிவா குட்டி காம்பு இருக்கும், தண்டு கொஞ்சம் செவப்பு ஊதா கலந்து இருக்கும், இலை கரும்பச்சை. சாதாரண புதினால இலை கிட்டத்தட்ட தண்டோட ஒட்டியே வரும். சந்தேகமா இருந்தா ஒரு இலைய கடிச்சுட்டு வாயால காத்த உள்ள இழுங்க, ஜில்லுனு ஏறுச்சுன்னா அது பெப்பர்மின்ட்தான். சாதாரண புதினாலயும் நல்ல டீ போடலாம், குளிர்ச்சிய மட்டும் எதிர்பார்க்காதீங்க.

அளவு: ஒரு கப்புக்கு, அதாவது 200 மில்லி தண்ணிக்கு, பச்சை இலைன்னா 10 லருந்து 12 இலை, காஞ்ச இலைன்னா நிரப்பமா 2 டீஸ்பூன். காஞ்ச இலை எடை ரொம்ப கம்மி, பாக்க நிறைய மாதிரி தெரியும், அத பாத்து குறைச்சுடாதீங்க, 2 கிராம் கிட்ட போட்டாதான் ருசி வரும். பச்சை இலைய கழுவிட்டு ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு ரெண்டு தட்டு தட்டுங்க, இல்லனா கையால ரெண்டா கிள்ளி போடுங்க. கூழா அரைக்க வேணாம், அரைச்சா கலங்கலாவும் பச்சை வாடையாவும் வரும்.

தண்ணிய தனியா கொதிக்க வைங்க. இலைய தண்ணியோட சேத்து அடுப்புல கொதிக்க விடுறது தான் எல்லாரும் பண்றது, அப்படி பண்ணா வீடு பூரா கமகமன்னு இருக்கும், கப்புல ஒண்ணும் இருக்காது. நல்லா கொதிச்சதும் அடுப்ப அணைச்சுட்டு, இலை போட்டு வெச்சிருக்குற கப்புல ஊத்துங்க, ஊத்துன உடனே மூடிடுங்க. சின்ன தட்டு போதும், விளிம்புல இடைவெளி இல்லாம உக்காரணும். பீங்கான், கண்ணாடி, ஸ்டீல் எதுனாலும் சரி, பிளாஸ்டிக் மட்டும் வேணாம், அதுல பழைய வாடையும் ஒட்டி இருக்கும், இந்த வாசனையும் ஒட்டிக்கும்.

பச்சை இலைக்கு 5 லருந்து 7 நிமிஷம், காஞ்ச இலைக்கு 7 லருந்து 10 நிமிஷம். நேரம் ஆனதும் தட்ட மெதுவா தூக்கி அடிப்பக்கத்த பாருங்க, துளித்துளியா தண்ணி கோத்து நிக்கும், அத மோந்து பாத்தா கப்ப விட தூக்கலா வாசனை அடிக்கும். ஆவியில ஏறுன எண்ணெய் அங்கதான் வந்து நிக்குது, அந்த துளிகள கீழ ஊத்திடாம தட்ட சாய்ச்சு கப்புக்குள்ளயே விடுங்க. மூடாம போட்ட டீக்கும் இதுக்கும் வித்தியாசம் முதல் வாய்லயே தெரியும். அப்புறம் வடிகட்டுங்க, இலைய உள்ளயே விட்டுட்டு மெதுவா குடிச்சா கடைசி கொஞ்சம் துவர்ப்பு கசப்பா போயிடும்.

இனிப்பு வேணும்னா தேன், வடிகட்டி கொஞ்சம் ஆறுனதுக்கு அப்புறம். எலுமிச்சை ரெண்டு சொட்டு நல்லா இருக்கும். பால் மட்டும் நான் சொல்லவே மாட்டேன், மென்தால் வாசனைய அமுக்கிடும். டீ பேக் யூஸ் பண்றவங்க பண்ணலாம், பொடிசா நறுக்குன இலைங்குறதால சீக்கிரம் சாறு இறங்கும், ஆனா அதே காரணத்தால பெட்டிய திறந்து வெச்சா வாசனையும் சீக்கிரம் போயிடும். பேக்க ஸ்பூனால அழுத்தி பிழியாதீங்க.

சொந்தமா செடி வெச்சா இன்னும் நல்லது. விதைய தேடாதீங்க, பெப்பர்மின்ட் கலப்பினங்குறதால பெரும்பாலும் விதையே பிடிக்காது, விதையில இருந்து வர்ற செடி அதே மாதிரி இருக்கும்னு நம்ப முடியாது. ஒரு தண்ட கணுவுக்கு கீழ வெட்டி, கீழ் இலைகள கிள்ளிட்டு தண்ணில நிறுத்துங்க, வேர் விட்டதும் தொட்டில வைங்க, தரையில வெச்சா ஓடி ஓடி மத்த செடி இடத்தையும் பிடிச்சுக்கும். பூ வர ஆரம்பிக்கிறதுக்கு கொஞ்சம் முன்னாடி பறிச்சா எண்ணெய் நல்லா இருக்கும், காலைல பனி ஈரம் காஞ்சதும் பறிங்க. காய வைக்கிறது நிழல்ல, காத்து வர்ற இடத்துல, கொத்தா கட்டி தலைகீழா தொங்கவிட்டு. வெயில்ல போட்டா நிறமும் போகும் வாசனையும் போகும். இலை தொட்டதும் மொறுமொறுன்னு உடையணும், தண்டு வளையாம படக்குனு முறியணும், ஈரம் மிச்சம் இருந்தா டப்பாக்குள்ள பூசணம் பிடிச்சுடும். முழு இலையாவே காத்து புகாத டப்பால இருட்டுல வைங்க, போடுறப்ப மட்டும் நொறுக்குங்க.

இதுல காஃபின் கிடையாது, அதனால ராத்திரியும் குடிக்கலாம். ஆனா நெஞ்செரிச்சல், ஆசிட் எதுக்களிப்பு இருக்குறவங்க பாத்து குடிங்க, இது இரைப்பைக்கு மேல இருக்குற வால்வ தளர்த்தும், சில பேருக்கு எரிச்சல் கூடிடும். பித்தப்பை கல் இருக்குறவங்க டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க. ரத்தசோகை இருக்குறவங்க சாப்பாட்டோட சேத்து குடிக்காதீங்க, சாப்பாட்டுல இருக்குற இரும்புச்சத்து உடம்புல சேர்றத இது குறைக்கும், ஒரு மணி நேரம் தள்ளி குடிச்சா நல்லது. கைக்குழந்தைக்கு குடுக்கவே வேணாம். இன்னொண்ணு, இலை இல்லன்னு பாட்டில்ல வர்ற பெப்பர்மின்ட் எண்ணெய சுடுதண்ணில விட்டு குடிக்கிறாங்க, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, அது ரொம்ப அடர்த்தியான சரக்கு, தண்ணில கரையாது, மேல மிதந்து வாயையும் தொண்டையையும் எரிச்சுடும்.

சூடா பிடிக்காதவங்களுக்கு ஐஸ் போட்டும் பண்ணலாம், இலைய ரெண்டு மடங்கு போட்டு இதே மாதிரி மூடி வெச்சு வடிகட்டி, மூடுன பாட்டில்லயே ஆற விட்டு அப்புறம் ஐஸ் சேருங்க, ஐஸ் உருகினாலும் ருசி நிக்கும். இல்லனா பச்சை இலைய நல்லா கழுவி தட்டி பச்சத்தண்ணில போட்டு மூடி ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வைங்க, துவர்ப்பே இல்லாம ரொம்ப மென்மையா வரும், அன்னைக்கே குடிச்சு முடிச்சுடுங்க.