மரத்த காலுக்கு வெந்நீர் வைக்காதீர்கள்

மாதத்துக்கு ஒருமுறை அரசு மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்பவன் நான். வரிசை நகரும் வேகத்துக்குப் பக்கத்தில் நிற்பவரின் கதை முழுவதும் தெரிந்துவிடும். போன மாதம் எனக்கு முன்னால் நின்ற தம்பிக்கு நாற்பது வயது இருக்கலாம். இடது பாதம் செருப்புக்குள் பாதிதான் நுழைந்திருந்தது. மீதி இடத்தைக் கட்டு அடைத்துக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ராத்திரியெல்லாம் கால் பனிக்கட்டியாகக் கிடக்கிறது ஐயா. வெந்நீரில் கல் உப்புப் போட்டு வைத்தேன். கொப்புளம் கிளம்பியதே தெரியவில்லை" என்றார்.

2012 ஜனவரியில் குன்னூரில் என் வீட்டுத் திண்ணையில் நான் செய்ததும் இதுவேதான். கல் உப்பு உட்பட. அந்தத் தம்பியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்பதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. அவை மருத்துவமனைச் சுவர்களிலேயே எழுதியிருக்கின்றன. ரத்த ஓட்டம் குறைந்து, கை கால் சில்லிட்டு மரத்துப்போனவர்கள் நல்லது என்று நம்பிச் செய்யும் தவறுகள் வேறு.

வெந்நீர்

மலையில் ஜனவரி மாதம் என்றால் விடியற்காலையில் பள்ளத்தாக்குப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்தேன். சிமென்ட் தரையில் காலை ஊன்றி நாள் முழுவதும் உட்கார்ந்த வேலை. அப்போதே பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு போய், பஞ்சின் மேல் நடப்பது போல ஆகியிருந்தது. விரல்கள் மட்டும் எப்போதும் குளிர்ந்தே கிடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியில் வெந்நீர் வைத்துக்கொண்டேன். மனைவி கைவிட்டுப் பார்த்து, "இதமாகத்தான் இருக்கிறது" என்றாள். முப்பது ஆண்டுகள் அடுப்பிலிருந்து வெறும் கையால் பாத்திரம் இறக்கிய கை அது. அந்தக் கைக்கு இதமாக இருந்தது என் காலுக்கு இதமாக இருக்க வேண்டியதில்லை என்று இருவருக்கும் தோன்றவில்லை. நான் காலை விட்டேன். சூடே தெரியவில்லை. "ஆறிப்போய்விட்டது, இன்னும் கொஞ்சம் ஊற்று" என்றேன். காலை வெளியே எடுக்காமலேயே, அடுப்பில் கொதித்த நீரை இரண்டு முறை ஊற்றிக்கொண்டேன். செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. கால் சூடாகிவிட்டது என்ற திருப்தியோடு காலுறை மாட்டிக்கொண்டேன்.

இரவில் காலுறை ஈரமாக இருந்ததைப் பார்த்தது மனைவிதான். கழற்றியபோது அதோடு தோலும் உரிந்து வந்தது. எனக்கு வலிக்கவில்லை.

பதினொரு வாரம் கட்டுப் போட்டார்கள். காயம் ஆறாமல் போனபோதுதான் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதே தெரிந்தது. பலூன் வைத்து அடைப்பைத் திறந்தார்கள். அதற்குள் சுண்டுவிரலும் அதை அடுத்த விரலும் கறுத்துப்போய்விட்டன. இரண்டையும் எடுத்தார்கள்.

என்ன நடந்தது என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். மரத்த காலில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கலாம். ஒன்று, சூட்டையும் வலியையும் மூளைக்குச் சொல்லும் நரம்பு கெட்டிருப்பது. இன்னொன்று, ரத்தக்குழாய் சுருங்கியிருப்பது. நல்ல காலில் சூடு பட்டால் ரத்தம் பாய்ந்து வந்து அந்தச் சூட்டை உடம்பெங்கும் பரப்பிவிடும். ஓட்டம் குறைந்த காலில் சூடு அங்கேயே தங்கிச் சதையை வேகவைக்கிறது. அதோடு, சூடேறிய சதை வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனைக் கேட்கிறது. அதைக் கொடுக்கக் குழாயில் வழியில்லை. நல்ல தோலே 60 டிகிரி செல்சியஸ் நீரில் சில நொடிகளில் வெந்துவிடும். 50 டிகிரிக்குச் சில நிமிடங்கள் போதும். 44 டிகிரிகூட, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் தோலைக் கெடுத்துவிடும். படுக்கையில் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கும் வெந்நீர்ப் பை செய்கிற வேலை அதுதான்.

குளிர்கிறது என்று கால் சொல்வதும் எப்போதும் உண்மையல்ல. நரம்பு கெட்டவருக்குக் கால் பனிக்கட்டியாகத் தோன்றும். வேறொருவர் புறங்கையால் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். இல்லாத குளிருக்கு எவ்வளவு சூடு கொடுத்தாலும் போதாது. அதனால்தான் "இன்னும் கொஞ்சம் ஊற்று" என்கிறோம்.

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் ஒன்று உண்டு. விரல் போய்க் கட்டோடு படுத்திருந்தபோதும், பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் தவிட்டு ஒத்தடம் கொடு, செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி வை, நொச்சி போட்ட வெந்நீரில் வை என்றுதான் சொன்னார்கள். மிச்ச விரல்களையும் இழக்கச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அன்பினால் சொன்னவர்கள்தான். சுளுக்குக்கும் மூட்டுவலிக்கும் நம் பாட்டிமார் கொடுத்த ஒத்தடம் நல்ல மருத்துவம்; சூடு தாங்கவில்லை என்றால் "போதும்" என்று சொல்ல முடிந்த காலுக்கு. மரத்த கால் அந்தச் சொல்லைச் சொல்லாது.

டாக்டர் பால் பிராண்ட் கொல்லிமலையில் பிறந்தவர். 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாக உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், வலி தெரியாததால் பட்ட சூடும் வெட்டும் அழுத்தமும் புண்ணாகி, அந்தப் புண்களால்தான் விரல்கள் போகின்றன என்று காட்டியவர். நம் மாநிலத்திலேயே இவ்வளவு காலம் முன்பே தெரிந்துகொண்ட ஒன்றை, சர்க்கரை நோயாளியான எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வெந்நீர் வாளியில் மட்டும் இல்லை. பஸ்ஸில் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் என்ஜின் மூடியின் மேல் பாதம் படும். இறங்கும்போதுதான் கொப்புளம் தெரியும். நண்பகலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதும் அப்படியே. கல் தளத்தில் தேங்காய் நார் விரிப்பு போட்டிருந்தாலும் அது எல்லா இடத்திலும் இருக்காது. காலையிலோ பொழுது சாய்ந்தோ போங்கள். கெட்டியான காலுறையோடு நுழைய அனுமதி கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் எனக்கு இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. குளிர்காயும் நெருப்பு, மின்சாரப் போர்வை, அப்போதுதான் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சைலன்சர் எல்லாமே எனக்கு வாளிதான்.

அப்படியென்றால் குளிருக்கு என்ன செய்வது? உடம்பைச் சூடாக வையுங்கள். ஸ்வெட்டரும் தலைக்குக் குல்லாவும் போட்டால் காலுக்கும் பலன் தெரியும். உடல் நடுப்பகுதி குளிர்ந்தால் முதலில் சுருங்குவது கை கால் ரத்தக்குழாய்கள்தான். விளிம்பு இறுக்காத, உட்புறம் தையல் முடிச்சு இல்லாத காலுறை அணியுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் ரத்தமோ நீரோ கசிந்தது உடனே தெரியும். குளிக்கும் நீரை முழங்கையால் பாருங்கள், அல்லது வெப்பமானி வைத்து 37 டிகிரிக்கு மேல் போகாமல் பாருங்கள். இரண்டையும் நரம்பு நன்றாக உள்ள வேறொருவர் பார்த்தால் இன்னும் நல்லது.

"நரம்புத் தளர்ச்சி" என்ற பெயரோடு நின்றுவிடுவது

கை கால் மரத்தால் எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான். நான் இரண்டு ஆண்டுகள் மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கி விழுங்கினேன். அந்த இரண்டு ஆண்டுகளில்தான் அடைப்பு முற்றியிருக்க வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள் எளியவை. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டு உணர்ச்சி பார்ப்பார்கள். பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலின் பின்னாலும் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது இன்னொன்று, 0.9க்குக் கீழே வந்தால் காலுக்கு ரத்தம் போதவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து எண் பொய்யாக உயர்ந்து வருவதுண்டு. அதனால் எண் சரியாக இருக்கிறது என்றாலும், காயம் ஆறவில்லையென்றால் விடாமல் கேளுங்கள்.

மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் மரத்துப்போகச் செய்யும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் கை காலைச் சில்லிட வைக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் இவற்றுக்கு மருந்து உண்டு. சர்க்கரையின் மேல் பழியைப் போட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

வலித்ததும் நடையை விட்டுவிடுவது

நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். இது ரத்தக்குழாய் அடைப்பின் வலி. வலிக்கிறதே என்று நானும் நாற்காலியோடு இருந்துவிட்டேன். மருத்துவர் சொன்னது நேர் எதிரானது: நன்றாக வலிக்கும் வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட. வாரத்தில் மூன்று நாளாவது, அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரம். மூன்று மாதம் ஆனபோது, சந்தைக்குப் போகும் ஏற்றத்தில் நான்கு இடத்தில் நின்றவன் ஒரே இடத்தில் நின்றேன். பாதத்தில் புண் இருக்கும்போது மட்டும் இது கூடாது. மரத்த காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பு இல்லாமல் வாசலுக்குக்கூட இறங்குவதில்லை.

இறுக்கமான காலுறையும் தலையணையும்

காலில் ரத்தநாளம் புடைத்துச் சுருண்டுகொள்ளும் நரம்புச் சுருளுக்குப் போடும் அழுத்தக் காலுறையைப் பக்கத்து வீட்டார் கொடுத்தார் என்று மாட்டிக்கொள்ளாதீர்கள். அது ரத்தம் மேலே திரும்பாத காலுக்கு. கீழே வராத காலுக்கு அது இருக்கும் கொஞ்சத்தையும் தடுக்கும். காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பதும் அப்படித்தான். இரவில் காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால்தான் வலி குறைகிறது என்றால், அடைப்பு முற்றிவிட்டது என்று பொருள். அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.

ஒரே ஒரு பீடி

அதுவும் வேண்டாம். வாயில் அடக்கும் புகையிலையும் வேண்டாம்.

கால் ஆணிக்கு பிளேடு

தொடாதீர்கள். ஆணியைக் கரைக்கும் பிளாஸ்திரியும் மரத்த காலில் நல்ல தோலைச் சேர்த்து அரித்துவிடும்.

கதவைச் சாத்திக் கரி அடுப்பு

மூடிய அறையில் கரிப்புகையின் நச்சுக்காற்று சேர்ந்து, மலையில் குளிர்காலந்தோறும் உயிர்கள் போகின்றன.

விரல் வெளுப்பதை அலட்சியம் செய்வது

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், குளிர்ந்த தண்ணீரில் கைவைத்தால் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து எரிகின்றன என்றாள். அவளுக்குச் சர்க்கரை இல்லை. 1862இல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த கோளாறு இது. விரலின் சிறு குழாய்கள் குளிருக்கு மிதமிஞ்சி இறுகிக்கொள்கின்றன. பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் முப்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தாலோ, விரல் நுனியில் புண் வந்தாலோ, தோல் இறுகினாலோ உள்ளே வேறு நோய் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ரோப்ரானலால் போன்ற மாத்திரைகளும் மூக்கடைப்புக்கான சில மருந்துகளும் இதைக் கூட்டும். சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். கையுறை போடத் தொடங்கியிருக்கிறாள்.

சூடு பட்டுவிட்டால்

குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே போங்கள். வலிக்கவில்லை என்று நான் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தேன்.

காலை வரை காத்திருப்பது

ஒரு கால் மட்டும் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்து, விரலை அசைக்க முடியாமல் போனால் குழாய் மொத்தமாக அடைத்துக்கொண்டிருக்கலாம். காலைக் காப்பாற்றச் சில மணி நேரம்தான் இருக்கிறது. நள்ளிரவாக இருந்தாலும் 108ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை காலைத் தேய்க்காதீர்கள், சூடு வைக்காதீர்கள்.