பங்கு இளைஞர் இயக்கத்தின் நற்செய்திப் பணியைப் புதுப்பிப்பது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இளைஞர் இயக்கத்தின் பொறுப்பை ஏற்குமாறு பங்குத்தந்தை கேட்டுக்கொண்டபோது, முதல் வேலையாகப் பழைய கூட்டப் பதிவேட்டை வாங்கி ஒரு மாலை முழுவதும் வாசித்தேன். கேரல் பவனி, அதன் வசூல் கணக்கு, குடில் போட்டி, பொங்கல் விளையாட்டு விழா, பங்குப் பெருவிழாவுக்குத் தேர் சோடித்தது, ஒகேனக்கல் சுற்றுலா என ஒவ்வோர் ஆண்டும் அதே வரிசை. எல்லாமே நன்றாகத்தான் நடந்திருந்தன. ஆனால், இன்னாரைத் தேடிப் போனோம், இன்னாரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினோம் என்று நான்கு ஆண்டுப் பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை. முதல் பக்கத்தில் முப்பதுக்கு மேல் இருந்த கையொப்பங்கள் கடைசிப் பக்கத்தில் ஒன்பதாகக் குறைந்திருந்தன. இந்த இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருச்சபை இருப்பதே நற்செய்தியை அறிவிப்பதற்காகத்தான் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1975ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று வெளியிட்ட திருத்தூது அறிவுரை மடலில் எழுதினார். பங்கின் இளைஞர் இயக்கத்துக்கும் அதுவே பொருந்தும். ஆகவே, சோர்ந்துபோன இயக்கத்தைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் உடனே ஒரு பெரிய மாநாட்டுக்கோ இசை நிகழ்ச்சிக்கோ திட்டமிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாநாடு முடிந்த மறுநாள் மேடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி மட்டுமே மிஞ்சிய அனுபவம் எங்களுக்கு உண்டு. வராதவர்கள் யார் என்று கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

பெயர்களைத் திரட்டுதல்

பங்குத்தந்தையின் அனுமதியோடு, கடந்த பத்து ஆண்டுகளில் உறுதிபூசுதல் (திருமுழுக்கின் அருளை உறுதிப்படுத்தும் அருளடையாளம்) பெற்றவர்களின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பங்கில் அருகருகே வாழும் குடும்பங்களின் சிறு குழுவான ஒவ்வோர் அன்பியத்தின் பொறுப்பாளரையும் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ஊரிலேயே இருக்கிறாரா, ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என வேலைக்குப் போய்விட்டாரா, திருமணமாகி வேறு பங்குக்குச் சென்றுவிட்டாரா என்று குறித்தால் போதும். எங்கள் நோட்டில் பாதிக்கும் மேற்பட்டோர் ஊரில் இல்லை. கூட்டத்துக்கு வரவில்லை என்று நாங்கள் குறைசொல்லிக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு வரவே வழியில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இந்த நோட்டு பொறுப்பாளர் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. ஒரு குடும்பத்தின் நிலைமை ஊரெல்லாம் பேசப்படும் பொருளாகிவிட்டால், அந்த வீட்டுக் கதவு நமக்கு மறுபடி திறக்காது.

இதே மாதத்தில் பங்கின் மூத்தவர்களிடம், நம் ஊருக்கு விசுவாசம் எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். நம் தருமபுரி மறைமாவட்டம் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது 1997ஆம் ஆண்டு சனவரி 24 அன்றுதான். ஆனால், கோவிலூர், எலத்தகிரி போன்ற ஊர்களின் கத்தோலிக்க மரபு அதைவிட மிகப் பழையது. பாரிஸ் வெளிநாட்டு மறைபோதக சபையின் குருக்கள் இந்தப் பகுதியில் உழைத்தார்கள் என்பதைப் பலரும் அறிவோம். அவர்கள் வருவதற்கு முன்னும் வந்துபோன பின்னும் ஊர் ஊராக நடந்துபோய்ச் செபம் கற்றுக்கொடுத்த உபதேசியார்களை மட்டும் பெரும்பாலும் மறந்துவிட்டோம். எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர், தம் தாத்தா கேழ்வரகுக் களி உருண்டைகளைத் துணியில் கட்டிக்கொண்டு கிளைக் கிராமங்களுக்கு நடந்து போவார் என்று சொன்னபோது, பதினேழு வயதுப் பையன்கள் அசையாமல் கேட்டார்கள்.

இருவர் இருவராகச் செல்லுதல்

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்புகிறார். நாமும் அப்படியே போகலாம். இருவரையும் ஒரே தெருவிலிருந்து எடுக்காதீர்கள். நம் ஊர்களில் தெரு என்பது பெரும்பாலும் சாதியைக் குறிக்கிறது. கோயிலில் ஒரே பலிபீடத்தின் முன் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போகும்போது தனித்தனியே பிரிகிறோம் என்ற உண்மையை மறைத்துக்கொண்டு நற்செய்தி அறிவிக்க முடியாது. 2022ஆம் ஆண்டு மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், குருவோ துறவியோ அல்லாமல், மனைவியோடு குடும்பம் நடத்திய ஒரு பொதுநிலையினர். சாதி வேறுபாடு பாராமல் எல்லோரோடும் பழகியது அவர்மீது வந்த பகைக்கு ஒரு காரணம். அவருடைய திருநாள் சனவரி 14, நமக்குப் பொங்கல் நேரம். அந்த நாளில் இரு தெருக்காரர்களும் சேர்ந்து ஒரே பானையில் பொங்கலிட்டு, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்; பல உரைகள் செய்யாததை அந்தப் பந்தி செய்யும்.

வீட்டுக்குப் போனதும் "ஏன் பூசைக்கு வருவதில்லை?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். வேலை எப்படிப் போகிறது, உடம்பு எப்படி இருக்கிறது, மனத்தில் இருக்கும் பாரம் எது என்று கேட்டுவிட்டு, பதிலை முழுமையாகக் கேளுங்கள். கிளம்பும்போது, "உங்களுக்காக எதைக் குறித்துச் செபிக்கட்டும்?" என்று கேட்டால் அநேகமாக யாரும் மறுப்பதில்லை.

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சந்தில், எங்கள் ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் தங்கியிருந்த வாடகை அறைக்கு முதல்முறை போனதை இங்கே சொல்ல வேண்டும். கொடியில் கம்பெனிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. இரவு ஷிப்ட் முடித்து வந்த இருவர் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். சார்ஜர் தொங்கிய அதே ஆணியில் ஒரு செபமாலையும் தொங்கியது. விழித்திருந்த தம்பி டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, "எனக்கு ஞாயித்துக்கிழமை வாரா வாரம் மாறும்ணா. இந்த வாரம் புதன்கிழமைதான் என்னோட ஞாயிறு" என்றான். ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் கூட்டம் என்று நாங்கள் ஆண்டுக்கணக்கில் ஒட்டிவந்த அறிவிப்பு அவனைப் போன்றவர்களுக்கு எவ்வளவு தூரமானது என்று அந்த அறையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

அதன்பின் இரண்டு மாற்றங்களைச் செய்தோம். மாதம் ஒரு கூட்டத்தை ஓசூரிலேயே, அவர்களுடைய அறைக்கு அருகில், ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து நாள் குறித்து நடத்துகிறோம். மேலும், முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடன் நிறைவேறுகிறது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248ஆம் விதி சொல்வதை எடுத்துச் சொன்னோம். இது தெரியாமலேயே, தான் பாவத்தில் கிடப்பதாக எண்ணிக் கோயில் பக்கமே வராமல் இருந்தவர்கள் எங்களிடையே இருந்தார்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பணிசெய்பவர்கள் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளையும் மனத்தில் கொள்ள வேண்டும். வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்திருப்போரிடையே கத்தோலிக்கரும் உண்டு. ஒரு வார்த்தை இந்தியில் பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் போதும், அவர்கள் நம்மோடு வந்து அமர்வார்கள்.

என்ன சொல்வது?

சந்திப்புகள் சில மாதங்கள் நடந்தபின், யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்து, "நீங்கள் எதற்காக இப்படி வருகிறீர்கள்?" என்று கேட்பார். அந்த நேரத்தில் நம் பிள்ளைகளுக்கு வாய் அடைத்துப்போகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று கையெழுத்திட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் மடலின் 4ஆம் அதிகாரம் இதற்கு நேரான விடை தருகிறது: கடவுள் உன்னை அன்பு செய்கிறார், கிறிஸ்து உன்னை மீட்கிறார், அவர் உயிரோடு இருக்கிறார். இந்த மூன்றையும் மனப்பாடமாக ஒப்பிப்பதால் பயன் இல்லை. ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையில் இவற்றில் ஒன்றை எப்போது உணர்ந்தார் என்பதை மூன்று நிமிடத்தில், வீட்டில் பேசும் தமிழில் சொல்லிப் பழக வேண்டும். கூட்டத்துக்கு இருவர் வீதம் சொல்லட்டும். மற்றவர்கள் திருத்தவோ விமரிசிக்கவோ வேண்டாம்.

மாம்பழப் பருவத்தில் மாங்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒரு தங்கை, தன் முறை வந்தபோது, அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களைப் பற்றிப் பேசினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து விண்ணகத் தந்தையை நோக்கிய செபத்தைத் தொடங்குவாராம். கடவுளின் திருவுளம் நிறைவேறட்டும் என்ற இடம் வந்ததும் நா எழாமல் நின்றுவிடுமாம். மூன்று நாள் அப்படியே போனது. நான்காம் நாள் அந்த வரியைச் சொல்லி முடித்தபோது, பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது என்றார். அம்மா பிழைத்தாரா என்று ஒரு தம்பி கேட்டான். "இல்லை" என்றார். அன்று வேறு யாரும் பேசவில்லை. நற்கருணைப் பேழையின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இப்படிப்பட்ட அனுபவம் கிடைத்தவுடனே பாடங்களை அடுக்கிவிடும் அவசரம் பொறுப்பாளர்களுக்கு வரும், எனக்கும் வந்தது. நிறைய கோட்பாடுகளைக் கற்றுக்கொடுப்பதைவிட, வாழ்வைத் தாங்கும் பேரனுபவங்களை எழுப்பி ஊன்றச் செய்வதே முதலில் முக்கியம் என்று அதே மடலின் 212ஆம் பத்தி அறிவுறுத்துகிறது. விவிலிய வகுப்பு வேண்டும்தான். அது இந்த அனுபவத்துக்குப் பிறகு, மாதம் ஒன்றாக வந்தால் போதும்.

பிற சமயத்து நண்பர்களிடம் நடந்துகொள்ளும் முறையை முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். விசுவாசத்தை ஏற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2ஆம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7 அன்று வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவும் மனச்சான்றின் சுதந்திரத்தை எல்லோருக்கும் உறுதிசெய்கிறது. உதவி செய்யும் கையோடு துண்டறிக்கையை நீட்டாதீர்கள். நோயாளியின் படுக்கையருகே செபிப்பதைக் காணொளியாக எடுத்துப் பரப்பாதீர்கள். நம் விசுவாசத்தைப் பற்றி ஒருவர் தாமாகக் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். கேட்காதபோது நல்ல அண்டைவீட்டாராக இருங்கள். திருச்சபை வளர்வது ஆள்சேர்ப்பதால் அன்று, ஈர்ப்பினாலேயே என்பது 2013ஆம் ஆண்டு வெளியான 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலிலும் உள்ள கருத்து.

கூட்டத்தின் அமைப்பு

2018ஆம் ஆண்டு அக்டோபரில் இளையோரைக் குறித்து நடந்த ஆயர் மாமன்றம், தன் இறுதி ஆவணத்தை, உயிர்த்த இயேசுவை வழியில் சந்தித்த எம்மாவு சீடர்களின் நிகழ்வைச் சார்ந்தே மூன்று பகுதிகளாக அமைத்தது. மாதக் கூட்டத்துக்கும் அதுவே நல்ல வடிவம். முதலில் வழிநடந்து கேட்பது போல், சந்திப்புகளில் கேட்டவற்றைப் பெயர் சொல்லாமல் பகிர்தல். பின்பு இறைவார்த்தையும் நற்கருணை ஆராதனையும். முடிவில் அன்றிரவே எருசலேமுக்குத் திரும்பியவர்களைப் போல், அடுத்த மாதம் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று முடிவுசெய்தல். நாங்கள் பலமுறை இந்த மூன்றாம் பகுதியை நேரமில்லை என்று விட்டுவிட்டோம். அப்படி விட்ட மாதங்களில் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. ஆகவே, கூட்டம் எவ்வளவு நீண்டாலும் கடைசிப் பத்து நிமிடத்தை அதற்கென ஒதுக்குங்கள்.

பெண்பிள்ளைகள் வர வேண்டுமானால், கடைசிப் பேருந்துக்கு முன் கூட்டம் முடிய வேண்டும். பொறுப்பான அக்கா ஒருவர் உடன் இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோரை வெளியே அழைத்துச் செல்லப் பெற்றோரின் கையொப்பமிட்ட கடிதம் அவசியம். பெரியவர் ஒருவர் அவர்களோடு தனியே இருப்பதும், தனியே செய்தி அனுப்புவதும் கூடாது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைத் திருமணம் இன்னும் முற்றாக மறையாத மாவட்டங்கள் நம்முடையவை. சந்திக்கப் போகும் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நிச்சயம் பேசுவதாகத் தெரிந்தால், பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த வாரத்தில் நற்செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

பணம் குறைவாகவே தேவைப்படும். கேரல் வசூலில் ஒரு பகுதியைச் சந்திப்புக்குப் போகிறவர்களின் பேருந்துக் கட்டணத்துக்கு ஒதுக்கினோம். அதைப் பங்குப் பேரவையின் தீர்மானமாகவே எழுதச் செய்தோம். பங்குத்தந்தை மாற்றலாகிப் போனால் பணியும் அவரோடு போய்விடுவது நம் பங்குகளில் அடிக்கடி நடப்பதால், தீர்மானம் பேரவையின் பதிவேட்டில் இருப்பது நல்லது. பொறுப்பாளரையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதியவர் முதல் மூன்று மாதம் பழையவரோடு சேர்ந்து வீடுகளுக்குப் போகட்டும்.

மறைமாவட்ட அளவிலான உலக இளையோர் நாள் 2021 முதல் கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று கொண்டாடப்படுகிறது. எங்கள் பங்கில் அந்த ஞாயிறு, காணிக்கைப் பவனியில் அப்பத்தோடும் இரசத்தோடும் சந்திப்பு நோட்டையும் மூடியபடியே எடுத்துச் சென்று பீடத்தருகே வைக்கிறோம். சென்ற ஆண்டு அதை ஏந்தி வந்தவன், அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையே விடுமுறை கிடைத்த ஓசூர்த் தம்பி.