மாம்பழ பேல் ஏல்: முதல் முறையாக வீட்டில் காய்ச்சுபவர்களுக்கு

பேல் ஏல் என்னும் வெளிர்நிற பீரில் மாம்பழம் சேர்த்தால் அது இனிக்கும் என்று எண்ணித்தான் பலரும் தொடங்குகிறார்கள். ஆனால் பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிடுகிறது. எஞ்சுவது மணமும் இலேசான புளிப்புமே. ஆகவே பழத்தை எந்த நாளில் சேர்க்கிறோம், சேர்த்தபின் எவ்வளவு பொறுக்கிறோம் என்பவற்றில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, வயதுவந்த ஒருவர் சொந்தப் பயன்பாட்டுக்காக ஆண்டுக்கு 100 கேலன் வரை வரியின்றிக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டின் மதுவிலக்குச் சட்டம் வீட்டில் மது தயாரிப்பதை அனுமதிப்பதில்லை என்பதால், இது அனுமதியுள்ள இடங்களில் வாழ்பவர்களுக்கான குறிப்பு.

பத்து லிட்டருக்கு வெளிர்நிற உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் சாரத்தூள்) 1.3 கிலோ, கேஸ்கேட் வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்கள்) 45 கிராம், யூஎஸ்-05 போன்ற அமெரிக்க ஏல் ஈஸ்ட் ஒரு பொட்டலம், 850 கிராம் மாம்பழக்கூழ் டின் இரண்டு ஆகியவை போதும். இந்தியக் கடைகளில் கிடைக்கும் கேசர் அல்லது அல்போன்சா கூழ் நன்றாக வேலை செய்யும். சர்க்கரை சேர்க்காத டின் கிடைத்தால் நல்லது. பென்சோயேட், சார்பேட் போன்ற பதப்படுத்திகள் இருக்கின்றனவா என்று மட்டும் லேபிளைப் படித்துப் பாருங்கள்; அவை ஈஸ்டின் வேலையைத் தடுக்கும்.

பெரிய பாத்திரத்தில் 12 லிட்டர் நீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு மால்ட்டைக் கரையுங்கள். எரியும் அடுப்பில் கொட்டினால் அடிப்பிடிக்கும். மீண்டும் கொதிக்கும்போது நுரை சட்டென்று பொங்கும் என்பதால் பக்கத்திலேயே நில்லுங்கள். ஹாப்ஸில் 15 கிராமைக் கொதி தொடங்கியதும், 15 கிராமைக் கடைசிப் பத்து நிமிடத்திலும், மீதியை அடுப்பை அணைத்ததும் சேருங்கள். கசப்பு மிகுந்தால் பழத்தின் புளிப்போடு மோதும். எனவே அளவைக் கூட்ட வேண்டாம். ஒரு மணி நேரக் கொதிக்குப் பின் பாத்திரத்தை ஐஸ் நீரில் வைத்து 20 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைக்க வேண்டும். அதன் பிறகு அதைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநீக்கக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.048 அளவில் நிற்கும். பதினைந்து லிட்டர் கொள்ளும் வாளியில் ஊற்றி நன்றாகக் குலுக்கி, ஈஸ்டைத் தூவி, வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடியைப் பொருத்தி 18 முதல் 20 டிகிரியில் வையுங்கள்.

முதல் நாளிலேயே கூழைச் சேர்த்தால், பொங்கி வெளியேறும் கரியமில வாயு மாம்பழ மணத்தையும் அடித்துச் சென்றுவிடும். ஐந்தாம் நாளளவில் நுரை அடங்கியபின் சேர்ப்பதே சரி. அதற்குள் உருவான ஆல்கஹாலும் அமிலத்தன்மையும் கெட்ட நுண்ணுயிர்களை ஓரளவு தடுத்து நிறுத்தும். டின்னின் மேற்புறத்தையும் திறப்பானையும் கிருமிநீக்கியால் துடைத்துவிட்டு அப்படியே ஊற்றுங்கள். கூழைக் கொதிக்க வைக்கக் கூடாது. பெக்டின் இளகி பீர் கலங்கலாகும், பழமும் சமைத்த வாசனை அடிக்கும். மறுநாள் நொதித்தல் மீண்டும் எழும்போது பயப்பட வேண்டாம்.

கூழ் சேர்த்துப் பத்து நாள் கழித்து, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஹைட்ரோமீட்டரில் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பாட்டிலில் அடைக்கலாம். பழச் சர்க்கரை மிச்சமிருக்கும்போது அடைத்தால், உள்ளே அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கும். அவசரப்பட்டு அடைத்த என் பாட்டில் ஒன்று அலமாரிக்குள் சிதறியதை நான் மறக்கவில்லை. அளவு நிலைத்ததும் வாளியை இரண்டு நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கூழ் அடியில் படியும். தெளிந்ததை மட்டும் சைஃபன் குழாயால் எடுத்து, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்து ஆறவைத்துக் கலந்து அடையுங்கள். ஒரு பாட்டில் மட்டும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அதை அழுத்திப் பார்த்தாலே மற்றவற்றின் நிலை தெரியும்.

இரண்டு வாரம் அறை வெப்பத்தில் வைத்தபின் குளிரவைத்து, அடிமண்டி கலங்காமல் ஊற்றுங்கள். மாம்பழ மணம் விரைவில் மங்கும். ஓரிரு மாதங்களுக்குள் குடித்துவிடுவது நல்லது.