பழைய கல்யாணக் கேசட்டும் புது எச்.டி. கேமராவும் ஒரே டைம்லைனில்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் அறுபதாம் கல்யாணம், 25-ஆவது கல்யாண நாள் என்று வீடியோ வேலை வந்தால், கூடவே ஒரு கவரில் பழைய கேசட்டும் வரும். "அந்தக் கல்யாண சீனையும் நடுநடுவுல சேர்த்துடுங்க" என்பார்கள். சேர்த்த பிறகு பழைய பகுதி மட்டும் மசமசவென்று, ஓரமெல்லாம் ரம்பப் பல்லாகத் தெரியும். அந்தக் காலத்து கேமரா அப்படித்தான் என்று பழியை அதன்மேல் போட்டுவிடுகிறோம். கேசட்டில் இருக்கும் 576 கோடுகள் அவ்வளவு மோசமில்லை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் பின்னியிருக்கும் இரண்டு அரைப்படங்களை (ஃபீல்டு) பிரிக்காமல் அப்படியே இழுத்துப் பெரிதாக்குவதால்தான் பெரும்பாலும் படம் கெடுகிறது.

கேசட்டை பிளேயரில் போடும் முன் வெளிச்சத்தில் பாருங்கள். கடல் காற்றும் ஈரமும் உள்ள காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் பீரோவில் கிடந்த டேப்பின் விளிம்பில் வெள்ளைத் தூள் போலப் பூஞ்சை பிடித்திருக்கும். அதை ஓட்டினால் பிளேயரின் ஹெட் அழுக்காகும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்த பிறகே கேப்சர், அதாவது கம்ப்யூட்டரில் ஏற்றுவது.

மினி டிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேசட் என்றால் ஃபயர்வயர் கேபிளில்தான் எடுக்க வேண்டும். மஞ்சள் ஏவி கேபிளில் எடுத்தால் டிஜிட்டலாக இருப்பதை அனலாகாக்கி மறுபடி டிஜிட்டலாக்குகிறோம், வீண் நஷ்டம். 1 மணி நேர டேப்புக்கு சுமார் 13 ஜிபி இடம் வைத்துக்கொள்ளுங்கள். விஎச்எஸ் கேசட்டுக்கு யூஎஸ்பி கேப்சர் டாங்கிள் போதும், ஆனால் அதன் மென்பொருளில் முதலில் நம்மூர் வீடியோ முறையான பால் (PAL) முறையைத் தேர்வு செய்யுங்கள். அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் விட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். சேமிக்கும் அளவு 720×576, இன்டர்லேஸ்டு (ஃபீல்டுகள் பின்னியபடியே). சில டாங்கிள் மென்பொருள்கள் தாமாகவே 640×480 ஆகச் சுருக்கிச் சேமிக்கும். அப்படி எடுத்ததை வைத்து மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, மறுபடி கேப்சர்தான். வீட்டில் டிவிடிதான் இருக்கிறது என்றால் அதிலுள்ள விஓபி (VOB) வீடியோ கோப்புகளை நேராகக் காப்பி எடுங்கள்.

இனி முக்கியமான வேலை. பழைய ஃபுட்டேஜில் வினாடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு நொடித்துளியிலும் இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த நொடித்துளியிலும் எடுத்தவை. மாப்பிள்ளை கையை அசைத்தால் இரண்டு ஃபீல்டிலும் கை வேறுவேறு இடத்தில் இருக்கும். இதை அப்படியே 1080-க்குப் பெரிதாக்கினால் கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து தடித்த சீப்புப் பல்லாக உறைந்துவிடும். அதன் பிறகு எந்த ஃபில்டர் போட்டாலும் பிரியாது. எனவே முதலில் டீஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளைப் பிரித்து முழு ஃப்ரேமாக்குவது), அப்புறம்தான் அளவு மாற்றம். வரிசை மாறக்கூடாது.

எடிட்டிங் மென்பொருளில் உள்ள டீஇன்டர்லேஸ் பெரும்பாலும் ஒரு ஃபீல்டைத் தூக்கிப்போட்டுவிடும், பாதித் தெளிவு போச்சு. டைம்லைனுக்கு வெளியே செய்வதே நல்லது. இலவசமாகக் கிடைக்கும் ஹைபிரிட் மென்பொருளில் கியூடிஜிஎம்சி என்ற ஃபில்டர் இருக்கிறது, இந்த வேலைக்கு அதை மிஞ்சியது இல்லை. மெதுவாக ஓடும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். அவசரம் என்றால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் யாடிஃப் ஃபில்டர், பாப் முறை (ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு ஃப்ரேமாகும்). இரண்டிலும் வெளிவருவது 50 ஃப்ரேமாக இருக்கட்டும். 25-இல் எடுத்தால் பழைய வீடியோவுக்கே உரிய அந்த வழுவழுப்பான அசைவு போய்விடும்.

ஃபீல்டு வரிசையைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மினி டிவி என்றால் லோயர் ஃபீல்டு முதலில், 1080i (இன்டர்லேஸ்டு) எச்.டி. என்றால் அப்பர் முதலில். டிவிடியும் டாங்கிளும் இரண்டு மாதிரியும் வரும். சோதிக்க 10 விநாடி எடுத்து ஓட்டுங்கள். யாராவது நடக்கும் இடத்தில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினால் ஆள் முன்னே, பின்னே, முன்னே என்று உதறினால் வரிசை தப்பு.

அடுத்தது பிக்சல் வடிவம். 720×576-இல் பிக்சல் சதுரம் கிடையாது. மென்பொருள் சதுரம் என்று எடுத்துக்கொண்டால் எல்லோரும் ஒல்லியாகத் தெரிவார்கள், திரை முழுக்க இழுத்தால் தவில்காரர் இன்னும் குண்டாவார். எளிய வழி: இரண்டு ஓரத்திலும் 8 பிக்சல் வெட்டி 704×576 ஆக்குங்கள், அதைச் சதுர பிக்சலில் 1440×1080-க்கு மாற்றுங்கள். இதே ஓட்டத்தில் நிறத்தையும் 601-லிருந்து 709-க்கு மாற்றிவிடலாம். எஸ்.டி.யின் (பழைய 576 கோட்டு வீடியோ) நிறக் கணக்கு 601, எச்.டி.யினுடையது 709. மாற்றாமல் விட்டால் அரக்குப் பட்டுப்புடவை ஆரஞ்சுப் பக்கம் சாயும், வாழைமரப் பச்சை இருண்டுபோகும். பிறகு கலர் கரெக்‌ஷனில் எவ்வளவு போராடினாலும் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும்.

டைம்லைனை 1920×1080, 50 ஃப்ரேம், புரோக்ரசிவ் (ஃபீல்டு இல்லாத முழு ஃப்ரேம்) என்று அமைத்துக்கொள்ளுங்கள். புது கேமராவில் 25-இல் எடுத்தது இதில் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு தடவையாக உட்காரும், பாதகமில்லை. தொல்லை தருவது மொபைல் கிளிப்தான். அதன் ஃப்ரேம் வேகம் ஒரே சீராக இருக்காது, போகப்போக உதடும் குரலும் விலகும். முதலில் ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் 30-க்கு மாற்றுங்கள். பேச்சில்லாத கிளிப் என்றால் வேகத்தை 83.33 சதவீதமாக்கினால் 25-க்குச் சரியாகப் பொருந்தும். இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் 25 அல்லது 50-இல், ஷட்டர் 1/50 வைத்து எடுங்கள். நம்மூர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், மண்டப விளக்கும் மினுங்காது.

1440×1080 படத்தை நடுவில் வைத்தால் இருபுறமும் 240 பிக்சல் காலி. அதை மறைக்க 133 சதவீதம் பெரிதாக்கினால் மேலும் கீழுமாகப் படத்தில் கால்பங்கு போய்விடும், பெரும்பாலும் போவது தலைமேல் இருக்கும் கைகளும் அட்சதையும்தான். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் போடுவது இப்போது எல்லோரும் செய்து சலித்த வழி. அதைவிட, பழைய படத்தை 1200×900-க்குச் சுருக்கி, பத்திரிகைத் தாள் நிறத்தில் மங்கலான பின்னணியில் வைத்துப் பாருங்கள். சின்னதாகும்போது குறைகளும் சின்னதாகும், ஆல்பம் பார்க்கிற மாதிரி இருக்கும். விஎச்எஸ் படத்தின் அடியில் துடிக்கும் கோடுகளை, கீழே 2 சதவீதம் கிராப் செய்தால் போதும்.

பிரீமியரில் ஒரு கண்ணி உண்டு: ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ் கொடுத்தால் கிளிப் டைம்லைன் அளவுக்கு உருமாறி, அதற்குமேல் ஜூம் செய்யும்போது கூடுதலாக மங்கும். செட் டு ஃப்ரேம் சைஸ்தான் வேண்டும்.

எந்த ஷாட்டை எதோடு ஒட்டுவது என்பதிலும் பாதி விஷயம் இருக்கிறது. எஸ்.டி.யில் குளோசப் தாங்கும். மண்டபம் முழுக்கத் தெரியும் வைட் ஷாட்டில் முகங்கள் புள்ளியாகிவிடும். கூட்டத்தையும் மேடையையும் புது கேமராவில் காட்டுங்கள், தாலி கட்டும் கையையும் முகத்தையும் பழையதிலிருந்து எடுங்கள். ஷார்ப்பன் ஃபில்டரில் கை வைக்க வேண்டாம். ஏ.ஐ. அப்ஸ்கேலையும் முகங்களில் நம்பாதீர்கள், பாட்டி வேறு யாரோ ஒரு பாட்டியாகி நிற்பார். சுத்தமான எச்.டி. மேல் மெல்லிய கிரெயின் (பொடிப் புள்ளிகள்) போட்டால் இரண்டுக்கும் இடைவெளி குறையும்.

ஆடியோவில் ஒன்றே ஒன்று: மினி டிவியில் 12 பிட் முறையில் பதிந்திருந்தால் அது 32 கிலோஹெர்ட்ஸ். மென்பொருள் 48 என்று தப்பாகப் படித்தால் ஐயர் குரல் கார்ட்டூன் குரலாகும்.

மண்டபத்தில் 12 அடிக்கு 8 அடி எல்.இ.டி. வால் வைத்து, அது பி4 வகை (புள்ளிக்குப் புள்ளி 4 மில்லிமீட்டர்) என்றால், அதில் மொத்தமே சுமார் 900×600 புள்ளிகள்தான். எஸ்.டி. அங்கே எடுப்பாகவே தெரியும். அந்த வால் 3:2 வடிவம், திரையை நிரப்ப ஆபரேட்டர் பக்கங்களை வெட்டக்கூடும் என்பதால் பெயர், தேதி எழுத்துகளை ஓரத்தில் வைக்காதீர்கள். குறை தெரிவது வீட்டு டிவியில்தான். எச்.264, 1080, 50 புரோக்ரசிவ், 20 எம்பிபிஎஸ் வைத்து எக்ஸ்போர்ட் செய்த பிறகு, பென் டிரைவில் போட்டு 43 அல்லது 55 இன்ச் டிவியில், அதன் மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழுவழுப்பாக்கும் வசதி) அணைத்துவிட்டு ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பாருங்கள்.