இறக்கத்தில கிளச்சை மறந்துவிடுங்கோ

வன்னியில எங்க மலை இருக்கு, இறக்கம் இறங்கப் பழக எண்டு கேக்கிற ஆக்களை மாரி முடிஞ்ச கையோட ஒரு ஆத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகோணும். கனகராயன் ஆறோ பாலியாறோ, வெள்ளம் கரையை அறுத்துவிட்ட இடத்தில காட்டுப்பாதை அப்பிடியே மணலுக்குள்ள விழும். பெரிய உயரமில்லை. ஆனால் டபுள் கேப் ஒண்டைப் பிரட்டிவிட அந்த உயரம் காணும். குளக்கட்டால வயலுக்கு இறங்கிற பாதையளும் அதே மாதிரித்தான்.

2009க்குப் பிறகு மிதிவெடி அகற்றிற ஆக்களுக்கு வாகனம் ஓட்டித்தான் நான் இதைப் பழகினது. இப்ப புதுசா வாற பொடியளுக்குப் பழக்கிறன். எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்டுதான்: "அண்ணை, போர் வீல் ஏறத்தானே, இறங்க என்னத்துக்கு?"

ஏறேக்க போர் வீல், அதாவது நாலு சில்லையும் எஞ்சின் சுத்திறது, இல்லாட்டி வாகனம் நிண்டுபோகும், அவ்வளவுதான். இறங்கேக்க இல்லாட்டி நிக்காது. இறக்கத்தில பாரம் முழுக்க முன்னுக்குச் சாயும், பின்சில்லு லேசாகும். ரூ வீலில எஞ்சின் பிடிச்சு வைக்கிறது அந்த லேசான பின்சில்லு ரண்டையும்தான். கிரவலில அது சறுக்கத் தொடங்கினால் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பாக்கும், வாகனம் குறுக்கால திரும்பும். சரிவில குறுக்கால திரும்பின வாகனம் அடுத்ததாப் பிரளும். நாலு சில்லையும் எஞ்சின் ஒண்டாப் பிடிச்சால், பாரம் கூடின முன்சில்லும் இழுத்து வைக்கிறதால மூக்கு நேரா நிக்கும்.

பழைய ஹைலக்ஸ், லாண்ட் குரூசர் கனக்கவற்றில முன்சில்லு நடுவில கையால திருப்பிற ஹப் இருக்கு. உள்ள போர் வீல் தடியைப் போட்டுட்டு ஹப்பைத் திருப்பாமல் விட்டால் முன்சில்லு சும்மா உருளும். நீங்கள் போர் வீலில நிக்கிறதா நினைச்சுக்கொண்டு ரூ வீலில இறங்குவியள். ரண்டு பக்கமும் திருப்பினதோ எண்டு தொட்டுப் பாருங்கோ.

இனி இறங்கமுன் செய்யவேண்டியது. விளிம்புக்கு முன்னால, சமதரையில வாகனத்தை நிப்பாட்டி, இறங்கி நடந்து கீழ வரைக்கும் போய் வாங்கோ. மேல இருந்து பாத்தால் ஒண்டும் தெரியாது. மழை அறுத்த வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுது, வேர் எங்க நிக்குது, அடியில மணலா சேறா எண்டது முழுக்கக் கால்தான் சொல்லும். காய்ஞ்ச கிரவல் இறக்கம் சீமெந்துத் தரையில பயறு கொட்டினது போல. அடியில இறுக்கம், மேல குறுணி உருளும். முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களி நனைஞ்சிருந்தால் ரயர் பூவெல்லாம் அடைச்சு மொட்டையாகிப்போகும். அந்த நாளில நான் இறங்கமாட்டன், வெயில் படுமட்டும் பாத்துக்கொண்டு நிப்பன்.

வேற ஊர் ஆக்கள் எழுதிற புத்தகங்களில "பாதை சரியில்லையெண்டால் பக்கத்தால விலத்திப் போ" எண்டு இருக்கும். இஞ்ச அந்தக் கதை வேண்டாம். மிதிவெடி இருக்கெண்டு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை விழுந்து கிடக்கலாம், பத்தைக்குள்ள மறைஞ்சு கிடக்கலாம். வாகனம் போய்ப் பழகின தடத்தைவிட்டு விலத்தாதேங்கோ. தடம் இறங்க ஏலாததெண்டால் திரும்பிப் போங்கோ. குளக்கட்டிலயும் பாதை வெட்டாத இடத்தால இறங்கக் கூடாது. சில்லுத் தடத்தால மாரித் தண்ணி கட்டை அறுக்கும், பிறகு கமக்காரர் உங்களைத் தேடி வருவினம், அவையில பிழையும் இல்லை.

நிண்ட நிலையிலயே கிளச்சை மிதிச்சு, போர் வீல் தடியை லோவுக்குப் போட்டு, முதலாம் கியரையும் போடுங்கோ. பாதி இறக்கத்தில கியர் மாத்திற எண்ணமே இருக்கக் கூடாது. ஹைலக்ஸில லோ எண்டது ஹையைவிட ஏறக்குறைய 2.5 மடங்கு மெதுவாச் சில்லைச் சுத்தும். லோ முதலாம் கியரில, அக்சிலரேட்டரில கால் இல்லாமல், வாகனம் மணிக்கு 3 கிலோமீற்றர் மட்டில ஊரும். பக்கத்தில நடக்கிற ஆள் உங்களை முந்திக்கொண்டு போவார். அதுதான் வேணும். பின்பெட்டியில நெல்மூட்டை, விறகு எண்டு ஏதும் இருந்தால் முன்பக்கம் அணைச்சு, அசையாமல் கட்டுங்கோ.

கிளச்சை முழுக்க விட்டு இடக்காலைத் தரையில வையுங்கோ. சப்பாத்துக் குதி வாகனத்தின்ர தரையில படோணும். நான் பக்கத்தில இருந்தால் பாதையைப் பாக்கமாட்டன், பொடியன்ர இடக்காலைத்தான் பாப்பன். பயத்தில கிளச்சை மிதிச்ச உடன எஞ்சினின்ர பிடி அறும், ரண்டு தொன் இரும்பு உருளத் தொடங்கும். திரும்பக் கிளச்சை விட்டாலும் சில்லு இறுகிச் சறுக்கும். நியூற்றலில இறங்கிறதும் அதே கதைதான்.

சில்லு நேராக் கீழ பாக்கோணும். சரிவைக் குறுக்கால வெட்டி இறங்கினால் சுகம் போலத் தெரியும், ஒரு பக்கச் சில்லு வாய்க்காலுக்குள்ள விழுந்த உடன தெரியும் என்னெண்டு.

எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டு போனால் பிறேக்கை மெல்லமாத் தொட்டு, ஒரே அளவில பிடியுங்கோ. இறுக்கி மிதிச்சால் முன்சில்லு நிண்டுபோகும். நிண்ட சில்லு ஸ்டியரிங் சொல்லுக் கேக்காது. ஏபிஎஸ் இருக்கெண்டு நம்பவும் வேண்டாம், குறுணிக் கிரவலில அது நிப்பாட்டிற தூரத்தைக் கூட்டும்.

பின்பக்கம் விலத்திற மாதிரி உணர்ந்தால் பிறேக்கை விடுங்கோ, ஸ்டியரிங்கைக் கீழ்ப்பக்கம் நேராக்குங்கோ, அக்சிலரேட்டரைக் கொஞ்சம் குடுங்கோ. இறக்கத்தில காஸ் குடுக்கச் சொன்னால் எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பாப்பினம். ஆனால் சறுக்கிறது, சில்லு வாகனத்தைவிட மெதுவாச் சுத்திறதாலதான். சில்லு கொஞ்சம் வேகமாச் சுத்தினால் மண்ணைத் திரும்பக் கடிக்கும், எஞ்சினும் திரும்பப் பிடிக்கும்.

ஆத்தங்கரையில கடைசி ஒரு பாகம்தான் மோசம். முன்சில்லு மணலைத் தொடேக்க பிறேக் பிடிச்சால் மூக்கு புதையும். தொடுறதுக்குச் சற்று முன்னமே மெல்லக் காஸ் குடுத்து, நிப்பாட்டாமல் மணலுக்குள்ள இழுத்துவிடுங்கோ.

ஏறமுடியாமல் பாதியில நிண்டுபோனால் அதுவும் ஒரு இறக்கம்தான், பின்பக்கமா. கூடப் பிரளுறது இதிலதான், ஏனெண்டால் ஆக்கள் கிளச்சை மிதிச்சு, பிறேக்கில தொங்கிக்கொண்டு, ஸ்டியரிங்கைத் திருப்பப் பாப்பினம். கால்பிறேக்கை இறுக்கி, கைப்பிறேக்கையும் இழுங்கோ. எஞ்சின் நிண்டிருந்தால் பிறேக்குக்குத் துணைபோற பூஸ்டரும் கொஞ்சத்தில செத்துப்போகும், அதால மிதிச்சு மிதிச்சு விடாதேங்கோ, ஒரே மிதியில வையுங்கோ. ஸ்டார்ட் பண்ணி, லோ ரிவேர்ஸைப் போட்டு, கிளச்சை முழுக்க விட்டுக்கொண்டே பிறேக்கை மெல்ல இளக்குங்கோ. எஞ்சின் உங்களைக் கீழ கொண்டுபோய் விடும். ஸ்டியரிங் நேரா, தலை பின்னுக்கு.

ஆத்தில தண்ணி இருந்து கடந்திருந்தால் அடுத்த இறக்கத்துக்கு முன்னம் சமதரையில கொஞ்சத் தூரம் பிறேக்கை மெல்லமா அழுத்திக்கொண்டு ஓடுங்கோ, நனைஞ்ச பிறேக் டிரம் காயும்வரைக்கும் பிடி இருக்காது. ஏ9 தார் றோட்டில ஏறமுன் ரூ வீலுக்கு மாத்துங்கோ. அதை மறந்து போர் வீலிலயே வளைவு எடுத்தால் ஸ்டியரிங் இறுகும், பிறகு தடி கழராது. அப்பிடி இறுகினால் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துப் பாருங்கோ, கழரும்.