ரோப்லாக்ஸின் முன்மாதிரிக் காலத்தை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயனர்களே விளையாட்டுகளை உருவாக்கி மற்றவர்களோடு விளையாடும் இணையத் தளமான ரோப்லாக்ஸின் தொடக்கக் கதையைத் தமிழில் எழுதுவோரும் காணொளியாகச் சொல்வோரும் இப்போது பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் 2006-க்கு முந்தைய முன்மாதிரிக் காலத்துக்கு வரும்போது மட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்காமல் எடுத்தாள்வதால், சில பிழைகள் உண்மை போலவே நிலைத்துவிடுகின்றன. அவற்றில் நான் அடிக்கடி காண்பவற்றையும், அவை ஏன் பிழை என்பதையும் இங்கே விளக்க முயல்கிறேன்.

முதல் குழப்பம் ஆண்டைப் பற்றியது. இந்தத் தளம் எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு 2004, 2005, 2006 என்று மூன்று விடைகள் புழக்கத்தில் உள்ளன; மூன்றுமே சரியானவை, ஏனெனில் அவை மூன்று வெவ்வேறு நிகழ்வுகளைக் குறிக்கின்றன. 2004-இல் டேவிட் பாஸுக்கியும் எரிக் கேசலும் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் நிறுவனத்தைத் தொடங்கி, 'டைனாபிளாக்ஸ்' என்ற பெயரில் முன்மாதிரியைச் சோதித்து வந்தார்கள். 2005-இல் ரோபோ, பிளாக் என்ற இரு சொற்களையும் ஒட்டி 'ரோப்லாக்ஸ்' என்ற பெயர் சூட்டப்பட்டது. 2006 செப்டம்பர் 1 அன்று அது முறையாக வெளியிடப்பட்டது. '2006-இல் உருவாக்கப்பட்டது' என்று எழுதினால் இரண்டு ஆண்டு உழைப்பு காணாமல் போகிறது. '2004-இல் வெளியானது' என்று எழுதினால் சோதனையில் இருந்த ஒன்று முழுமை பெற்ற பொருளாகிவிடுகிறது. நிறுவப்பட்டது, பெயர் மாறியது, வெளியிடப்பட்டது என்ற மூன்று வினைகளை இடமறிந்து பயன்படுத்தினாலே இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தளத்தில் எண் 1 கொண்ட பயனர் கணக்கில் 2006 பிப்ரவரி 27 என்ற தேதி இருப்பதைக் கண்டு, அதையே தளத்தின் பிறந்தநாளாகச் சொல்வோரும் உண்டு. அது அந்தக் கணக்கு பதிவான நாள் மட்டுமே. அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த சோதனைகளைப் பற்றி அந்தத் தேதி எதையும் சொல்லாது.

ஆண்டுக் குழப்பத்தைவிட ஆழமான தவறு, கதையை 2004-இலிருந்தே தொடங்குவது. அதன் வேர் 1989-இல் இருக்கிறது. அந்த ஆண்டு பாஸுக்கி தம் சகோதரருடன் சேர்ந்து தொடங்கிய 'நாலெட்ஜ் ரெவல்யூஷன்' என்ற நிறுவனம், மெக்கின்டாஷ் கணினிக்காக 'இன்டராக்டிவ் பிசிக்ஸ்' என்ற கல்வி மென்பொருளை வெளியிட்டது. இயற்பியல் பாடநூலில் வரும் கப்பி, சுருள்வில், சாய்தளம், ஊசல் ஆகியவற்றை மாணவர் திரையில் வரைந்து, பொத்தானை அழுத்தினால் அவை இயக்க விதிகளின்படி இயங்கும். ஆனால் மாணவர்கள் பாடநூல் கணக்குகளோடு நின்றுவிடவில்லை. இரண்டு கார்களை மோதவிட்டார்கள், கட்டடங்களைச் சரித்துப் பார்த்தார்கள், ஆசிரியர் கேட்காத எந்திரங்களையெல்லாம் கட்டினார்கள். தாமே ஒன்றைக் கட்டி அது எப்படி இயங்குகிறது என்று பார்க்கும் ஆவலை அங்கே கண்டதே பிற்காலத்தில் ரோப்லாக்ஸுக்குத் தூண்டுதலாக அமைந்ததாகப் பாஸுக்கி பல நேர்காணல்களில் கூறியிருக்கிறார். 1998 டிசம்பரில் அந்த நிறுவனத்தை எம்எஸ்சி சாஃப்ட்வேர் 2 கோடி டாலருக்கு வாங்கியது. விற்ற கையோடு அவர் ரோப்லாக்ஸைத் தொடங்கினார் என்று சிலர் எழுதுவதும் சரியன்று. அவர் சில ஆண்டுகள் எம்எஸ்சியிலேயே பணியாற்றிவிட்டு, பிறகு புதிய நிறுவனங்களில் முதலீடு செய்து வந்தார். அப்படி முதலீடு செய்தவற்றுள் 'ஃபிரெண்ட்ஸ்டர்' என்ற சமூக வலைத்தளமும் ஒன்று. இயற்பியல் பாவனையும் நண்பர்கள் இணையத்தில் கூடும் இடமும் ஒரே தளத்தில் சேர்ந்ததை விளங்கிக்கொள்ள, இந்த இடைக்காலத்தை விட்டுவிடவே கூடாது என்று நினைக்கிறேன்.

இந்த வேரைத் தெரிந்துகொண்டவர், ரோப்லாக்ஸ், கட்டங்களை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டைப் பார்த்துச் செய்யப்பட்டது என்ற கூற்றை ஏற்க மாட்டார். இதற்குக் காலக்கணக்கே போதுமான மறுப்பு: மைன்கிராஃப்ட் முதன்முதலில் பொதுமக்கள் கைக்கு வந்தது 2009 மே மாதத்தில், அப்போது ரோப்லாக்ஸ் வெளியாகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆயினும் தேதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதும் ஒரு குறையே, ஏனென்றால் இரண்டும் அடிப்படையிலேயே வேறானவை. மைன்கிராஃப்டில் மரத்தின் அடித்தண்டை வெட்டி எடுத்தாலும் மேல்பகுதி அந்தரத்தில் அப்படியே நிற்கும். மணல், சரளை போன்ற சில மட்டுமே கீழே விழும். ரோப்லாக்ஸின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கோபுரத்தின் அடியில் வெடி வைத்தால், செங்கற்களுக்கு இடையிலான இணைப்புகள் அறுந்து, ஒவ்வொரு கல்லும் தன் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்பச் சிதறி விழும். ஒரு கல்லின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக இணைப்பு வகை அமைக்க முடியும்: பசை, பற்றவைப்பு, கீல், மோட்டார் என்று அவற்றுக்குப் பெயர்கள் இருந்தன. ஒரு பக்கத்தை மோட்டாராக்கி அதில் சக்கரத்தைப் பொருத்தினால் வண்டி ஓடும். இது இன்டராக்டிவ் பிசிக்ஸின் கப்பியும் சுருள்வில்லும் முப்பரிமாணத்துக்கு வந்த வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் செங்கல்லின் அளவையும் ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டும். பழைய ரோப்லாக்ஸின் இயல்பான செங்கல் 4 அலகு நீளம், 2 அலகு அகலம், 1.2 அலகு உயரம் கொண்டது. தட்டையான பலகை வகைக்கு உயரம் 0.4 அலகு. ஒன்றோடொன்று பொருந்தும் பொம்மைக் கல்லான லெகோவில், மேலுள்ள குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர், கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர், பலகையின் உயரம் 3.2 மில்லிமீட்டர். உயரங்களை 8-ஆல் வகுத்துப் பார்த்தால் அதே 1.2, அதே 0.4 கிடைக்கும். மைன்கிராஃப்டின் கட்டமோ மூன்று பக்கமும் சமமான கனசதுரம். ரோப்லாக்ஸின் உறவு லெகோ பக்கமே என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. ஆனால் இதை வைத்துக்கொண்டு, ரோப்லாக்ஸை லெகோ நிறுவனமே தொடங்கியது என்றோ அதன் துணை நிறுவனம் என்றோ எழுதுவது மறுபக்கத் தவறாகும்; இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் வருத்தம் தருவது: எரிக் கேசலின் பெயரை விட்டுவிடுவது. பாஸுக்கி இன்றும் நிறுவனத்தின் தலைவராகப் பொதுவெளியில் இருப்பதால், முன்மாதிரியை அவர் ஒருவரே செய்ததாகப் பல பதிவுகள் சொல்லிவிடுகின்றன. கேசல் நாலெட்ஜ் ரெவல்யூஷன் காலத்திலிருந்தே அவருடன் பணியாற்றியவர். பொறியியல் பணியில் முன்னின்றவர். நிறுவனத்தின் இணை நிறுவனர். 2013 பிப்ரவரி 11 அன்று புற்றுநோயால் காலமானார். முன்மாதிரிக் காலத்தைப் பற்றி எழுதும் எந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் முதல் பத்தியிலேயே இடம்பெற வேண்டும். கடைசியில் ஒரு அஞ்சலிக் குறிப்பாக மட்டும் வருவது நியாயமாகாது.

இன்றைய வசதிகளை அன்றைக்கும் பொருத்திச் சொல்வது மற்றொரு வழக்கம். தளத்துக்குள் புழங்கும் ரோபக்ஸ் என்ற நாணயம் 2007-இல்தான் வந்தது. விளையாட்டு உருவாக்குவோர் தாம் ஈட்டியதைப் பணமாக மாற்றிக்கொள்ளும் வழி 2013-இல் திறந்தது. நிரல் எழுதப் பயன்பட்ட மொழி பிரேசிலில் பிறந்த லுவா. இன்று பயன்படும் லுவாவ் அதிலிருந்து வெகுகாலம் கழித்து வளர்க்கப்பட்டது. எனவே டைனாபிளாக்ஸ் காலத்தில் சிறுவர்கள் பணம் ஈட்டினார்கள் என்பது போன்ற வரிகளை அடியோடு நீக்கிவிடலாம்.

கடைசியாகப் படங்களைப் பற்றி. '2004-ஆம் ஆண்டின் ரோப்லாக்ஸ்' என்ற தலைப்புடன் உலவும் காட்சிகளில் பல, ரசிகர்கள் இன்றைய கருவிகளைக் கொண்டு அன்பாக மீண்டும் கட்டியவை. அவற்றை ஆவணமாகக் கொள்ள முடியாது. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் போன்ற காப்பகத்திலிருந்து எடுத்த படம் என்றாலும் எச்சரிக்கை தேவை. சேமித்த பக்கத்தின் முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் நான்கு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு நாள், மீதி ஆறும் மணி, நிமிடம், நொடி. அந்த எண் பக்கத்தின் எழுத்துப் பகுதி சேமிக்கப்பட்ட நேரத்தையே குறிக்கும். அதில் தெரியும் படங்கள் வேறொரு நாளில், சில வேளை பல மாதங்கள் கழித்துச் சேமிக்கப்பட்டு அங்கே வந்து பொருந்தியவையாகவும் இருக்கலாம். ஆகவே படத்தைத் தனித் தாவலில் திறந்து, அதன் முகவரியில் உள்ள எண்ணைத் தனியே படித்துப் பார்க்க வேண்டும். பக்கத்தின் எண் 2005 என்றும் படத்தின் எண் 2007 என்றும் இருந்தால், படத்தின் கீழே '2007-இல் சேமிக்கப்பட்ட பிரதி' என்று எழுதுவதே சரியாகும்.